நிலம் எங்களுடையது, அடியில் உள்ள வாயு வேறொருவருடையது

போன மாதம் நண்பர் ஒருவரின் தம்பி போன் செய்தார். ஓஹையோவின் கிழக்குப் பக்கம், ஆறு ஏக்கர் நிலத்தோடு ஒரு வீடு பார்த்திருக்கிறார்களாம். கிணற்றுத் தண்ணீர், விலையும் கைக்கு அடக்கம். "அண்ணா, நீங்க எரிவாயு எடுக்கிற ஊரில்தானே இருக்கீங்க? வாங்கலாமா?" என்றார். முக்கால் மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதி அனுப்புகிறேன் என்று போனை வைத்தேன். எழுத உட்கார்ந்ததும் நீண்டுவிட்டது.

நாங்கள் இருப்பது பென்சில்வேனியாவின் வடக்கு எல்லையில், பிராட்ஃபோர்ட் கவுண்டியில். மனைவிக்கு சேயரில் மருத்துவமனை வேலை கிடைத்து 2008 இல் வந்தோம். அப்போது இங்கே பால்பண்ணைகளும் பாதி காலியான கடைத்தெருவும்தான். காலுக்கடியில் ஒரு மைலுக்கும் கீழே மார்செல்லஸ் ஷேல் என்ற கறுப்புக் களிப்பாறை கிடக்கிறது என்பது நிலவியல்காரர்களுக்கு நெடுநாளாகத் தெரியும். அதில் வாயு இருப்பதும் தெரியும். எடுக்கத்தான் வழி இல்லாமல் இருந்தது. டெக்சாஸில் ஜார்ஜ் மிட்செலின் நிறுவனம் பார்னெட் ஷேலில் பல ஆண்டுகள் முட்டி மோதி, 1990களின் கடைசியில் மணலும் தண்ணீரும் கலந்து அழுத்தி, பாறையில் விரிசல் விடும் ஃபிராக்கிங் முறையைப் படிய வைத்தது. அதோடு கிடைமட்டமாகத் துளையிடும் வித்தை சேர்ந்ததும் கதை மாறியது. நாங்கள் பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் ஊரில் லேண்ட்மேன்கள் நடமாட ஆரம்பித்துவிட்டார்கள். வீடு வீடாகப் போய் எரிவாயுக் குத்தகைக்குக் கையெழுத்து வாங்குகிறவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

முதல் அடி எங்களுக்கு வாடகையில் விழுந்தது. 700 டாலருக்கு இருந்த வீட்டை 2010 தொடக்கத்தில் வீட்டுக்காரர் 1,900 என்றார். ஓக்லஹோமாவிலிருந்து வந்த, துளையிடும் ரிக் ஆட்கள் ஆறு பேர் சேர்ந்து அந்தத் தொகையைத் தயங்காமல் கொடுக்கிறார்கள் என்றால் அவர் என்ன செய்வார்? நாங்களாவது இரண்டு சம்பளக்காரர்கள். மனைவியோடு வேலை பார்த்த செவிலியர் உதவியாளர் ஒருவர், தனி ஆளாக இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவர், எல்லை தாண்டி நியூயார்க் மாநிலப் பக்கம் ஓர் அறைக்குப் போனார். வேலை வந்தது, கடைகளில் வியாபாரம் வந்தது என்று ஊர் பேசிக்கொண்டிருந்த அதே மாதத்தில்தான் இது. சொந்த வீடு உள்ளவனுக்கு ஏற்றம், வாடகைக்கு இருப்பவனுக்கு இறக்கம். இந்தக் கணக்கை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

சரி, வாடகை கொடுத்து மாளாது என்று அந்த ஜூனிலேயே மலைப்பக்கம் ஒன்பது ஏக்கரோடு ஒரு பழைய வீட்டை வாங்கினோம். விற்றவர் வயதான அம்மா, ஃபுளோரிடாவில் மகளிடம் போகிறார். பத்திரத்தில் ஒரு வரி இருந்தது: எண்ணெய், எரிவாயு, கனிமங்கள் அனைத்தும் விற்பவருக்கே ஒதுக்கி வைக்கப்படுகின்றன. வக்கீல் அதைச் சத்தமாகப் படித்தும் காட்டினார். நான் தலையாட்டினேன். நம் ஊரில் யார் வயலானாலும் அடியில் உள்ள எண்ணெயும் எரிவாயுவும் அரசாங்கத்துடையவை. அந்த நினைப்பிலேயே வளர்ந்தவனுக்கு இந்த வரி உறைக்கவில்லை.

இங்கே நிலத்தின் மேற்பரப்பு ஒரு சொத்து, அடியில் இருப்பது இன்னொரு சொத்து. இரண்டையும் தனித்தனியாக விற்கலாம். அது மட்டுமா, கனிம உரிமை வைத்திருப்பவர் அதை எடுப்பதற்குத் தேவையான அளவு மேற்பரப்பைப் பயன்படுத்தவும் பென்சில்வேனியச் சட்டம் இடம் கொடுக்கிறது. மேலே வீடு கட்டிக் குடியிருப்பவர் வேண்டாம் என்று சொல்லித் தடுத்துவிட முடியாது. ஆக, எங்கள் ஒன்பது ஏக்கருக்கு வந்த குத்தகைப் பணம் ஃபுளோரிடாவுக்குப் போனது. லாரிச் சத்தம் எங்களுக்கு. தம்பிக்கு நான் சொன்ன முதல் விஷயம் இதுதான்: வீட்டின் வில்லங்கத்தை மட்டும் பார்க்காதே, கனிம உரிமையின் வில்லங்கத்தைத் தனியாகப் பார்க்கச் சொல். அது ஐம்பது, நூறு ஆண்டுக்கு முந்தைய பத்திரத்திலேயே பிரிந்து போயிருக்கலாம். கவுண்டி பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்து பின்னோக்கிப் புரட்ட வேண்டும். அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அந்த நிலத்தின் மேல் ஏற்கெனவே குத்தகை ஓடுகிறதா என்பதையும் கடன் கொடுக்கும் வங்கியிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சில வங்கிகள் இதைக் கேட்டதும் பின்வாங்கும்.

எங்களுக்கு மேற்கே 140 ஏக்கரில் பால்பண்ணை வைத்திருந்த பெரியவரின் கதை வேறு மாதிரி. கனிம உரிமை முழுக்க அவருடையது. ஆனால் அவர் கையெழுத்துப் போட்டது 2006 இல், ஏக்கருக்கு 50 டாலர் என்று. மொத்தம் 7,000. பாலுக்கு விலை படுத்திருந்த காலம். அந்தப் பணத்தில் கொட்டகைக் கூரையை மாற்றினார். ஐந்து வருடம் முடியட்டும், புதிதாகப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தார். அதற்குள் அடுத்த பள்ளத்தாக்கில் ஏக்கருக்கு 5,000 டாலர் வரை போய்விட்டது. அவர் கணக்கில் ஏழு லட்சம். கெடு முடியும் சமயம் நிறுவனத்திடமிருந்து வந்த உறையில் 7,000 டாலருக்கு ஒரு காசோலையும் ஒரு கடிதமும் இருந்தன. குத்தகையின் நான்காம் பக்கத்தில், அதே நிபந்தனைகளில் இன்னும் ஐந்து வருடம் நீட்டிக்கும் உரிமை நிறுவனத்துக்கு இருந்திருக்கிறது. அவர் அந்தக் கடிதத்தை எங்கள் சமையலறை மேசையில் விரித்துப் போட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மறுபடி படித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. நான் காபி கொடுத்தேன். வேறென்ன கொடுப்பது?

அப்புறம் ராயல்டி, அதாவது விற்கிற வாயுவில் உரிமையாளருக்கு வரும் பங்கு. பென்சில்வேனியாவில் 1979 ஆம் ஆண்டுச் சட்டப்படி கனிம உரிமையாளருக்குக் குறைந்தது எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம் கொடுத்தாக வேண்டும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் எரிவாயுக் கிணறு ஒரே ஆளின் நிலத்துக்கு அடியில் மட்டும் ஓடுவதில்லை. பல பேருடைய நிலங்களைச் சேர்த்து ஒரு யூனிட்டாக்குவார்கள். பெரியவரின் யூனிட் 640 ஏக்கர். அவர் பங்கு 140 ஐ 640 ஆல் வகுத்து, அதில் எட்டில் ஒன்று: நூற்றுக்கு 2.73. இரண்டு கிணறுகளிலிருந்து 2013 தொடக்கத்தில் வந்த முதல் மாதக் காசோலை 31,000 டாலர். புது டிராக்டர் வந்தது. மாடுகளை விற்றுவிட்டார். முழங்கால் தேய்ந்த மனிதர் காலை நாலு மணிக்கு எழுந்து கறக்க வேண்டியதில்லை என்பதில் எனக்கும் சந்தோஷம்தான்.

ஷேல் கிணறு முதல் வருடம் பொங்கும், அடுத்த வருடமே பாதிக்கும் கீழே போய்விடும். இதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னாலும் முதல் காசோலையைப் பார்த்தவர் நம்பியிருப்பாரா என்பது வேறு விஷயம். விலையும் ஏற்கெனவே காலை வாரியிருந்தது. 2008 கோடையில் 13 டாலரைத் தொட்ட வாயு விலை 2012 ஏப்ரலில் 2 டாலருக்கும் கீழே இறங்கியது. எல்லாரும் ஒரே நேரத்தில் தோண்டினால் வேறென்ன ஆகும்? எங்கள் பக்கம் வெளியே கொண்டுபோகக் குழாய்வழி போதாமல் தேசிய விலையைவிடவும் குறைத்துத்தான் விற்றார்கள். அது போதாதென்று வாயுவைத் திரட்டும் செலவு, அழுத்தும் செலவு, கொண்டுபோகும் செலவு என்று ராயல்டியிலிருந்து கழித்தார்கள். அப்படிக் கழிப்பது செல்லும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2010 லேயே சொல்லியிருந்தது. 2015 இல் அவருக்கு ஒரு மாதம் வந்தது 900 டாலர் சொச்சம். காசோலையோடு வந்த பிடித்தப் பட்டியல் மூன்று பக்கம். அந்த ஆண்டுதான் இந்தப் பிடித்தங்கள் தொடர்பாக மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் நீதிமன்றம் போனார். 2021 இல் ஒரு சமரசமும் வந்தது. பெரியவர் அதற்குள் டிராக்டரை விற்றிருந்தார்.

அதனால் குத்தகை உன் கைக்கு வந்தால் தொகையைப் பிறகு பார். முதலில் நீட்டிப்பு உரிமை தரும் வரியை அடித்துவிடு. ராயல்டி மொத்த விற்பனை விலையின் மேல், எந்தப் பிடித்தமும் கிடையாது என்று எழுதி வாங்கு. யூனிட்டுக்குள் வராத நிலத்தைக் கெடு முடிந்ததும் விடுவிக்க வேண்டும் என்ற வரியைச் சேர்க்கச் சொல். இல்லாவிட்டால் ஒரு மூலையில் ஒரு கிணறு ஓடிக்கொண்டிருப்பதை வைத்தே முழு நிலத்தையும் காலத்துக்கும் பிடித்து வைப்பார்கள். தனியாகப் பேசாதே. இங்கே அதிகம் வாங்கியவர்கள் பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் ஒன்றுகூடி, ஒரே வக்கீலை வைத்துப் பேசியவர்கள். வருகிற காசோலையில் வருமான வரிக்கு என்று அன்றைக்கே ஒரு பங்கை எடுத்து வை. முதல் வருடக் காசோலையை நம்பிக் கடன் வாங்காதே.

இனி தண்ணீர். இதைத்தான் தம்பி முதலில் கேட்டார். நான்தான் கடைசிக்குத் தள்ளினேன்.

எரிவாயுக் கிணற்றுத் தளம் எங்கள் வீட்டிலிருந்து 1,800 அடி தூரத்தில், பெரியவர் நிலத்தின் மேட்டில் அமைந்தது. தோண்டுவதற்கு முன்பு நிறுவனம் தன் செலவில் தண்ணீர் மாதிரி எடுக்க ஆள் அனுப்பும். எடுக்க விட வேண்டும். விடாவிட்டால் பின்னால் அதுவே உனக்கு எதிராக நிற்கும். ஆனால் அதோடு நிறுத்தாதே என்று மனைவியின் ஆய்வக நண்பர் ஒருவர் சொன்னார். அரசு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திலிருந்து ஆள் வரவழைத்து நாங்களும் ஒரு மாதிரி எடுக்க வைத்தோம். சில நூறு டாலர் ஆனது, வயிறு எரிந்தது. மாதிரியை நாமே பாட்டிலில் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் நீதிமன்றத்தில் நிற்காது. ஆய்வக ஆளே எடுத்து, கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் கையெழுத்தும் நேரமும் உள்ள படிவத்தோடு போக வேண்டும். மென்னீராக்கும் கருவிக்கு முன்னால் உள்ள குழாயிலிருந்து, மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு எடுத்தார். மீத்தேன், ஈத்தேன், குளோரைடு, பேரியம், ஸ்ட்ரான்ஷியம், புரோமைடு, கரைந்த திடப்பொருள், இரும்பு, மாங்கனீசு, ஆர்செனிக் எல்லாம் பட்டியலில்.

முடிவு வந்தபோது ஒரு சிரிப்பு. மீத்தேன் லிட்டருக்கு 2 மில்லிகிராம், ஏற்கெனவே இருந்தது. அதைவிட, கோலிஃபார்ம் பாக்டீரியா. கிணற்று மூடியில் விரிசல் விட்டிருந்திருக்கிறது. இரண்டு வருடமாக அந்தத் தண்ணீரைத்தான் குடித்திருக்கிறோம். இந்த மாநிலத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தனியார் கிணறுகள், அவற்றை எப்படிக் கட்ட வேண்டும் என்பதற்கு மாநில விதி எதுவும் கிடையாது. பத்தில் நாலு கிணறு குடிநீர்த் தரத்தில் ஏதாவது ஒன்றில் தோற்கும் என்பார்கள். ரிக் வராவிட்டாலும் சோதனை செய்ய வேண்டியதுதான்.

2012 வசந்தத்தில் துளையிட்டார்கள், ஆகஸ்டில் பாறையை உடைத்தார்கள். ஒரு கிணற்றுக்கு நாற்பது, ஐம்பது லட்சம் கேலன் தண்ணீர், ஆயிரத்துக்கு மேல் லாரி நடை. இரவு ஜன்னல் கண்ணாடி அதிரும். பள்ளிப் பேருந்து நிற்கும் வளைவில் புழுதி மேகம்.

நவம்பரில் ஒரு காலை, கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் பிடித்தேன். மோர் போல வெளுத்திருந்தது. மேடையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளுப்பு அடியிலிருந்து மேலாகத் தெளிந்தது. வண்டலாக இருந்தால் மேலிருந்து கீழாகத் தெளியும். கீழிருந்து மேலாகத் தெளிந்தால் உள்ளே இருப்பது வாயு. காற்றாகவும் இருக்கலாம், மீத்தேனாகவும் இருக்கலாம், அதைச் சோதனைதான் சொல்லும். வெளியே போய்க் கிணற்று மூடியருகே காதை வைத்தேன். அரிசி கொதிக்கும் சத்தம்.

சோதனையில் 19 மில்லிகிராம். குடித்தால் விஷம் இல்லை, ஆனால் மூடிய இடத்தில் சேர்ந்தால் வெடிக்கும். இதே மலைத்தொடரில், பக்கத்து சஸ்குவெஹானா கவுண்டியின் டிமாக்கில் 2009 புத்தாண்டு நாளன்று ஒரு வீட்டுக் கிணற்றின் கான்கிரீட் மூடியே வெடித்துத் தூக்கியெறியப்பட்டது. அன்று முதல் நாங்கள் குளியலறை ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வைத்தோம். பனிக்காலத்தில் அது என்ன சுகம் என்று கேட்காதீர்கள்.

நிறுவனத்தின் ஆள் வந்து, இந்த மலைகளில் வாயு எப்போதும் கசிந்துகொண்டுதான் இருக்கிறது என்றார். அது பொய்யும் இல்லை. மாண்ட்ரோஸ் அருகே சால்ட் ஸ்பிரிங்ஸ் பூங்காவில் தானாகவே குமிழி விடும் ஊற்று இருக்கிறது. நான் எங்கள் பழைய தாளை எடுத்து வைத்தேன்: 2, இப்போது 19. அந்த ஆண்டு வந்த 13 ஆம் எண் சட்டப்படி, ஷேல் கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள், வேலை முடிந்த 12 மாதத்துக்குள் தண்ணீர் கெட்டால் நிறுவனமே காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது அவர்கள் பாடு. மாநிலச் சுற்றுச்சூழல் துறை வந்து கார்பன் ஐசோடோப்பு பார்த்தது. அந்த மீத்தேன் சதுப்பில் அழுகி உண்டானது இல்லை, ஆழத்துச் சூட்டில் உண்டானது.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு மைல் கீழே விட்ட விரிசல் மேலேறி எங்கள் கிணற்றைத் தொடவில்லை. கோளாறு மேல்பகுதியில்: இரும்புக் குழாயைச் சுற்றி ஊற்றிய சிமென்ட் சரியாகப் பிடிக்காமல், நடுவில் உள்ள அடுக்குகளின் வாயு அந்த இடுக்கு வழியே ஏறியிருக்கிறது. எதிர்ப்பவர்கள் ஃபிராக்கிங் என்றார்கள், ஆதரிப்பவர்கள் ஃபிராக்கிங்கால் எந்தக் கிணறும் கெட்டதில்லை என்றார்கள். இரண்டு பேரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வேறு வேறு விஷயம் பேசினார்கள். தம்ளர் மட்டும் வெளுத்தபடியே இருந்தது.

முற்றத்தில் ஒரு பெரிய பச்சைத் தொட்டி வந்து நின்றது. இங்கே அதை வாட்டர் பஃபலோ என்பார்கள், நீர் எருமை. வாரம் ஒரு முறை லாரி வந்து நிரப்பும். பனி உறையாமலிருக்க மின்சூடு போட்டுப் போர்த்தி வைக்க வேண்டும். கிணற்று மூடியில் வாயு வெளியேற ஒரு நீளக் குழாய் வைத்தார்கள். சிமென்டை மறுபடி அழுத்திச் செலுத்தினார்கள். பதினான்கு மாதம் கழித்து மீத்தேன் 4 க்கு இறங்கியது. அங்கேயே நிற்கிறது.

பெரியவரின் மைத்துனி வீடு தளத்திலிருந்து 3,100 அடி. அவர்கள் சோதனை எதுவும் செய்து வைக்கவில்லை. அவர்கள் தண்ணீரும் அதே மாதம் வெளுத்தது. சட்டத்தின் அடிக்கணக்கு அவர்களைத் தொடவில்லை, தாளும் இல்லை. இன்றும் அவர்கள் தண்ணீரைக் கேனில் வாங்குகிறார்கள். அதனால்தான் தம்பியிடம் சொன்னேன்: வீடு வாங்குவதற்கு முன் ஒரு சோதனை, பக்கத்தில் தளம் வரப்போகிறது என்று தெரிந்தால் தோண்டுவதற்கு முன் இன்னொன்று. உன் மாநிலத்தில் என்ன தூரம், என்ன கெடு என்று நீயே பார்த்து வை. தூரம் கூடுதலானாலும் தண்ணீரை மாற்றித் தர வேண்டும் என்று குத்தகையிலேயே எழுத முடியும், கனிம உரிமை உன்னிடம் இருந்தால்.

ஊருக்கு நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்பவர்களை வேவர்லிக்குக் கூட்டிப் போவேன். காரில் ஐந்து நிமிடம், ஆனால் அது நியூயார்க் மாநிலம். அங்கே 2014 டிசம்பரில் இந்த முறைக்கே தடை அறிவித்துவிட்டார்கள். அங்குள்ள விவசாயிகள் சிலர் இன்னும் கொதிக்கிறார்கள். அடுத்த ஆண்டு எல்லையோர ஊர்கள் சில, பேசாமல் பென்சில்வேனியாவோடு சேர்ந்துவிடலாமா என்றுகூடப் பேசின. அந்தப் பக்கம் தண்ணீர் பயம் இல்லை, காசோலையும் இல்லை, பால்பண்ணைகள் மூடிக்கொண்டுதான் போகின்றன. இந்தப் பக்கம் கவுண்டிக்கு 2012 முதல் ஒவ்வொரு கிணற்றுக்கும் ஆண்டுக் கட்டணம் வருகிறது, பாலங்கள் புதிதாகியிருக்கின்றன. லாரி ஓட்டும் உரிமம் எடுத்துக்கொண்டு நல்ல சம்பளம் பார்த்த பையன்கள், விலை விழுந்து ரிக்குகள் மேற்கே போனதும் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்தார்கள். பொங்கிய காலத்தில் கட்டிய ஹோட்டல்களின் வாகன நிறுத்தத்தில் இப்போது பாதி இடம் காலி. எங்கள் பழைய வாடகை வீடு 900 டாலருக்கு வந்துவிட்டது.

எரிவாயுக் கிணறுகளிலிருந்து திரும்பி வரும் உப்புக் கழிவு நீரை ஒரு காலத்தில் நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையம் வழியாக ஆற்றில் விட்டார்கள். 2011 மே மாதம் மாநிலம் அதை நிறுத்தச் சொன்னது. இப்போது பெரும்பாலும் அடுத்த கிணற்றுக்கு மறுபடி பயன்படுத்துகிறார்கள். காற்று விஷயத்தில்தான் எனக்குக் கவலை தீரவில்லை. மாநிலத்தின் மேற்குப் பகுதியை வைத்து பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 2023 இல் வெளியிட்ட ஆய்வுகள், உற்பத்தியில் உள்ள கிணறுகளுக்கு அருகே இருப்பவர்களுக்கு ஆஸ்துமா முற்றுவது கூடுதல் என்றன. குழந்தைகளுக்கு வரும் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றோடும் தொடர்பு கண்டன. மூளைப் புற்றோடும் ரத்தப் புற்றோடும் காணவில்லை. சிறு குழந்தை இருந்தால் தளத்திலிருந்தும், வாயுவை அழுத்திக் குழாயில் தள்ளும் நிலையத்திலிருந்தும் எத்தனை தூரம் என்று வரைபடத்தில் அளந்து பார்க்கச் சொன்னேன். தம்பிக்கு மூன்று வயதுப் பெண் குழந்தை.

நாங்கள் ஏன் இன்னும் இங்கேயே இருக்கிறோம் என்று அவர் கேட்டார். தண்ணீர் பிரச்சினையைச் சொல்லாமல் விற்க முடியாது, சொன்னால் விலை போகாது. மனைவிக்கு வேலை பிடித்திருக்கிறது. அக்டோபரில் மலை முழுக்கச் சிவக்கும்போது எனக்கும் பிடித்திருக்கிறது. ஒவ்வொரு ஏப்ரலும் ஆய்வக ஆளை வரவழைத்து, வரும் தாளைப் பழைய கோப்பில் வரிசையாகச் செருகி வைக்கிறேன்.

இன்றைக்கும் தபால் பெட்டியில் ஒரு நீள உறை இருந்தது. கனிம உரிமைகளை ரொக்கத்துக்கு வாங்கிக்கொள்கிறோம், ராயல்டியை மொத்தமாக இப்போதே பெறுங்கள் என்று ஏதோ ஒரு நிறுவனம் எழுதியிருக்கிறது. மாதம் ஒன்றாவது இப்படி வரும். மேலே ஃபுளோரிடா அம்மாவின் பெயர், கீழே எங்கள் முகவரி. இவர் இங்கே இல்லை என்று எழுதித் திரும்பப் பெட்டியிலேயே போட்டுவிட்டு, தபால்காரர் எடுத்துக்கொள்ளப் பெட்டியின் கொடியைத் தூக்கி வைத்தேன்.